மூளை வீங்குமா? ஸக்தாவும் ஸிர்ஸாமும்: ஒரு மருத்துவ வரலாறு

அரபு மருத்துவர்கள் ஒரு நோய்க்கு ‘ஸக்தா’ என்று பெயரிட்டார்கள். ‘ஸகத’ என்னும் வினையிலிருந்து பிறந்த சொல் அது. பேசிக்கொண்டிருந்தவர் பேச்சை நிறுத்துவதும் எழுந்த ஓசை அடங்குவதும் அதன் பொருள். திருக்குர்ஆனில் இந்த வேர்ச்சொல் ஒரே ஓரிடத்தில்தான் வருகிறது. அல்அஃராஃப் அத்தியாயத்தின் 154ஆம் வசனம் மூஸா (அலை) அவர்களின் சினம் தணிந்ததைக் குறிக்க இச்சொல்லைக் கையாள்கிறது. சினம் மௌனமாயிற்று என்னும் உருவகம் அது. கிரேக்கர்கள் இதே நோயை ‘அப்போப்ளெக்ஸியா’ என்றார்கள். ஓங்கி அடித்து வீழ்த்துதல் என்று அதற்குப் பொருள். அவர்கள் கண்ணில் பட்டது அடி. அரபுகளின் காதில் பட்டது அடிக்குப் பின் வந்த மௌனம். நம் தமிழோ பக்கவாதம், பாரிசவாயு என்று விழுந்த பக்கத்தைப் பார்த்துப் பெயர் வைத்தது. யூனானி ஹகீம்கள் அந்தப் பக்கச் செயலிழப்பை ‘ஃபாலிஜ்’ என்றும், முகம் மட்டும் கோணிப்போவதை ‘லக்வா’ என்றும் தனித்தனியே அழைப்பதைப் பெரியவர்கள் வாயிலாகக் கேட்டிருப்போம்.

இன்று மருத்துவமனைத் தாழ்வாரங்களில் இந்நோய் வேறொரு வடிவில் நம் முன் வந்து நிற்கிறது. உயர் இரத்த அழுத்தத்தால் மூளைக்குள் ஒரு நுண்ணிய தமனி வெடித்துவிடுகிறது. நோயாளியைக் கொண்டுசெல்கிறார்கள், படம் எடுக்கிறார்கள், இரத்தக்கசிவு நின்றுவிட்டது என்று மருத்துவர் சொல்கிறார். வீட்டார் அல்ஹம்துலில்லாஹ் என்று மூச்சு விடுகிறார்கள். மூன்றாம் நாள் நோயாளியின் நினைவு மங்குகிறது. மறுபடியும் படம் எடுத்தால் இரத்தக்கட்டி கூடவில்லை. அதைச் சுற்றியுள்ள மூளை வீங்கியிருக்கிறது. “கசிவு நின்றுவிட்டதென்றார்களே, பிறகு ஏன் மோசமாகிறார்?” என்னும் கேள்வி அந்தத் தாழ்வாரத்தில் எழாத நாளில்லை.

அக்கேள்விக்கு விடை தேடிப் போனால் ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு விவாதத்தில் போய் நிற்போம். மூளை என்னும் உறுப்பு வீங்குமா, வீங்காதா என்பதே அவ்விவாதம்.

ஸக்தாவைப் பற்றிய பழைய எழுத்துகளில் முதலில் தென்படுவது ஓர் அச்சம். இந்நோய் கண்டவர் இறந்தவரைப் போலவே இருப்பார். உணர்வில்லை, அசைவில்லை, மூச்சுகூடச் சில வேளைகளில் புலப்படாது. உயிரோடிருப்பவரை மையித்து என்று கருதிவிடும் ஆபத்து உண்டு. ஆகவேதான் இது மருத்துவ நூல்களோடு நில்லாமல் ஃபிக்ஹு நூல்களுக்குள்ளும் நுழைந்தது. ஜனாஸாவை விரைந்து அடக்கம் செய்வதே மார்க்கத்தின் பொதுவிதி. ஆனால் மரணத்தில் ஐயம் ஏற்பட்டால், உறுதி பிறக்கும்வரை அடக்கத்தைத் தாமதிப்பது கடமை என்று ஷாஃபிஈ மத்ஹபின் விரிவுரை நூல்கள் கூறுகின்றன. ஐயத்திற்கு அவை காட்டும் எடுத்துக்காட்டுகளுள் ஸக்தாவும் ஒன்று. பெயர் சொல்லியே அதைக் குறிப்பிடுகின்றன. உடல் மணம் மாறுவதுபோன்ற தெளிவான அடையாளம் தோன்றும்வரை காத்திருக்க வேண்டும் என்பது அவர்களின் முடிவு. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் மத்ரஸாக்களில் ஓதப்படும் கிதாபுகளில் ஒரு மூளைநோயின் பெயர் இடம்பெற்றிருப்பதை நம்மில் பலர் கவனித்ததில்லை.

இனி மருத்துவத்திற்கு வருவோம். இப்னு ஸீனா ஹிஜ்ரி 370இல் (கி.பி. 980) புகாராவுக்கு அருகே அஃப்ஷனா என்னும் சிற்றூரில் பிறந்து, ஹிஜ்ரி 428இல் (1037) ஹமதானில் மறைந்தார். ‘அல்கானூன் ஃபித்திப்’ என்னும் அவரது பெருநூல் ஐந்து பாகங்களைக் கொண்டது. மூன்றாம் பாகம் தலைமுதல் கால்வரை உறுப்புவாரியாக நோய்களைப் பேசுகிறது. எனவே மூளை நோய்களே அதில் முதலிடம் பெறுகின்றன. அங்கே நமக்குத் தேவையான இரண்டு நோய்கள் வருகின்றன. ஒன்று ஸக்தா. மற்றொன்று ‘ஸிர்ஸாம்’.

ஸிர்ஸாம் பாரசீகச் சொல். ‘ஸர்’ என்றால் தலை. ‘ஸாம்’ என்றால் வீக்கம் அல்லது நோய். மார்பைக் குறிக்கும் ‘பர்’ என்னும் சொல்லோடு சேர்ந்தால் ‘பிர்ஸாம்’ ஆகிவிடும். இந்தச் சொற்பிறப்பை இப்னு ஸீனாவே விளக்குகிறார். இவ்விரு பெயர்களையும் மருத்துவர்கள் குழப்பிக்கொண்டிருந்ததே அவர் அதை விளக்கியதற்குக் காரணம். வேறோர் உறுப்பின் காய்ச்சல் தலைக்கேறிப் பிதற்றல் உண்டாவது வேறு; மூளையோ அதன் உறைகளோ தாமே வீங்கிப் பிதற்றல் உண்டாவது வேறு. இரண்டாவதே மெய்யான ஸிர்ஸாம் என்று அவர் வரையறுத்தார்.

இவ்விடத்தில்தான் அந்த விவாதம் எழுகிறது. மூளையின் உறைகள் வீங்கலாம், மூளைப்பொருள் வீங்காது என்று அக்காலத்து மருத்துவர் சிலர் வாதிட்டார்கள். மருத்துவர் என்றுகூடச் சொல்லாமல், மருத்துவர்போல் நடிப்பவர் என்னும் தொனியுள்ள சொல்லால் இப்னு ஸீனா அவர்களைச் சுட்டுகிறார்! அவர்களின் வாதம் எளிமையானது. வீக்கம் என்றால் ஒன்று இழுபட்டு விரிய வேண்டும். எலும்பு போன்ற கடினப்பொருள் விரியாது. மூளை போன்ற மிக மென்மையான பொருளும் விரியாது, அது குழைந்துபோகும். ஆகவே மூளைக்கு வீக்கமில்லை.

இப்னு ஸீனா இதைத் தவறென்று ஒதுக்குகிறார். மென்மையான பொருளிலும் பிசுபிசுப்பு இருந்தால் அது விரியும் என்கிறார். எலும்பும் வீங்கக்கூடியதே; ஜாலீனூஸே (கேலன்) அதை ஒப்புக்கொண்டிருக்கிறார் என்று முன்னோரின் சான்றைக் காட்டுகிறார். இவற்றுக்கு மேலாக அவர் வைக்கும் வாதம் அழகானது. ஊட்டம் பெறும் உறுப்பு எதுவாயினும் அந்த ஊட்டத்தால் விரிந்து பெருகுகிறது. ஊட்டத்தால் விரியக்கூடியது, மிகையாகத் தேங்கிய கழிவாலும் விரிவதில் வியப்பென்ன? மூளை ஊட்டம் பெறுகிறது, வளர்கிறது. எனவே அது வீங்கவும் கூடும்.

ஸக்தாவின் பகுதியிலும் இதே சிந்தனை தொடர்கிறது. மூளையின் உள்ளறைகளிலும் உணர்வையும் அசைவையும் சுமந்துசெல்லும் ‘ரூஹ்’ ஓடும் பாதைகளிலும் அடைப்பு ஏற்படுவதே ஸக்தா என்பது அவர் கருத்து. அவ்வடைப்பு நிறைவால் வரலாம்; அழுத்தத்தால் இடம் மூடிப்போவதாலும் வரலாம். நிறைவிலும் வீக்கத்தோடு கூடியது, வீக்கமில்லாதது என இருவகை உண்டு. நிறைப்பது பெரும்பாலும் சளி, சிலவேளை இரத்தம். நோயின் கடுமையை மூச்சு சிரமப்படும் அளவைக்கொண்டு கணிக்கலாம் என்கிறார். இது அவருக்கு முன்னரே கிரேக்க மருத்துவத்தில் வழங்கிவந்த அளவுகோல்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். நவீன அறிவியல் எதைக் கண்டுபிடித்தாலும், அது ஏற்கனவே நம் முன்னோர் நூலில் இருக்கிறது என்று மார்தட்டும் வழக்கம் நம்மவரிடையே பெருகிவிட்டது. மேற்கண்ட பத்திகளைப் படித்த ஒருவர், மூளை இரத்தக்கசிவையும் அதைத் தொடரும் அழற்சியையும் இப்னு ஸீனா ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கண்டறிந்துவிட்டார் என்று மேடையில் முழங்கக்கூடும். அது உண்மையன்று. அவர் பயன்படுத்திய ‘வரம்’ என்னும் அரபுச் சொல் எல்லாவகை வீக்கத்தையும் குறிக்கும். இன்றைய ‘அழற்சி’ அதன் ஒரு பகுதி மட்டுமே. வெடித்த தமனியை அவர் கண்டதில்லை. நான்கு திரவங்களின் சமநிலை என்னும் சட்டகத்துக்குள் நின்றே அவர் சிந்தித்தார். இரத்தத்தால் நேர்ந்த ஸக்தாவுக்கு நரம்பைக் கீறி இரத்தம் வெளியேற்றச் சொன்னார். அவருடைய பெருமை விடையில் இல்லை. கேள்வியைக் கைவிடாததில் இருக்கிறது. மூளை மற்ற உறுப்புகளிலிருந்து விலக்குப் பெற்ற தனிப்பொருள் என்பதை அவர் ஏற்கவில்லை. உண்டு வளர்கிற ஓர் உறுப்பு நோயுற்று வீங்கவும் கூடும் என்று தருக்கத்தால் நிறுவினார். ஐரோப்பிய மருத்துவம் இந்த இடத்துக்கு வந்து, விலகிச் சென்று, மீண்டும் வந்துசேர ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் அலைந்தது.

அந்த அலைச்சலைச் சுருக்கமாகப் பார்ப்போம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் டொலேடோ நகரில் கிரிமோனாவின் ஜெரார்டு அல்கானூனை இலத்தீனுக்குப் பெயர்த்தார். மோன்பெல்யே போன்ற பல்கலைக்கழகங்களில் பதினேழாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை அது பாடநூலாக இருந்தது. ஆனால் அந்தச் சட்டகத்துக்குள் நிற்கும்வரை ஸக்தாவைப் புரிந்துகொள்ள வழியில்லை. காரணம், இரத்தம் சுற்றியோடுகிறது என்பதே அதற்குத் தெரியாது. இதயத்தின் வலப்பக்க இரத்தம் நுரையீரல் வழியாகவே இடப்பக்கம் சேர்கிறது, நடுச்சுவரில் துளை ஏதும் இல்லை என்று ஜாலீனூஸை மறுத்து முதலில் எழுதியவர் திமிஷ்கில் கற்றுக் கெய்ரோவில் வாழ்ந்து 1288இல் மறைந்த இப்னு அந்நஃபீஸ். அல்கானூனின் உடற்கூற்றுப் பகுதிக்கு அவர் எழுதிய விரிவுரையில்தான் இச்செய்தி இருக்கிறது. அது மறக்கப்பட்டு, 1924இல் முஹ்யித்தீன் அத்ததாவீ என்னும் எகிப்திய மருத்துவரால் ஜெர்மனியில் மீட்டெடுக்கப்பட்ட கதை தனியே எழுதத்தக்கது. முழு உடல் சுற்றோட்டத்தை வில்லியம் ஹார்வி 1628இல் வெளியிட்டார்.

அதன் பின் முப்பது ஆண்டுகளில் வழி திறந்தது. சுவிட்சர்லாந்தின் ஷாஃப்ஹவுசன் நகர மருத்துவர் யோஹான் யாக்கோப் வெப்ஃபர், ஸக்தாவால் இறந்த நால்வரின் மூளையைத் திறந்து பார்த்து 1658இல் நூல் வெளியிட்டார். அங்கே சளி இல்லை. குழாயிலிருந்து வெளியேறி உறைந்த இரத்தம் இருந்தது. நுண்தந்துகிகளைக் கண்டறிந்து ஹார்வியின் வட்டத்தை முழுமையாக்கிய மார்செல்லோ மல்பீஜி 1694இல் ரோமில் இதே நோயால் இறந்தார். அவரது உடலைப் பரிசோதித்த பக்லீவி மூளையின் வலது உள்ளறையில் இரத்தம் நிறைந்திருந்ததைக் கண்டார். இரத்தத்தின் பாதையைக் காட்டிக்கொடுத்தவரின் உயிரை அந்தப் பாதையில் நேர்ந்த உடைப்பே பறித்தது.

நம் கேள்விக்கு நெருக்கமான சச்சரவு 1820ஐ ஒட்டிப் பாரிஸில் நடந்தது. ஸக்தாவால் இறந்தோர் சிலரின் மூளையில் இரத்தம் இல்லை; ஒரு பகுதி மட்டும் குழைந்து கூழாகியிருந்தது. இந்தக் குழைவு என்ன? அது அழற்சியே என்றார் லாலமான். எல்லா நோய்க்கும் அழற்சியே வேர் என்று கருதிய காலம் அது. அட்டைகளை ஒட்டவிட்டு இரத்தம் உறிஞ்சுவதே தலைசிறந்த சிகிச்சை. முதியோரிடம் காணும் இக்குழைவில் பெரும்பாலானது அழற்சியன்று, இரத்தம் கிட்டாமல் கால்விரல் அழுகுவது போன்ற ஒன்று என்று அதே பாரிஸில் ரோஸ்தான் மறுத்தார். குழாய்க்குள் இரத்தம் உறைந்து அடைப்பதையும் அவ்வுறைவு பெயர்ந்து வேறிடம் சென்று அடைப்பதையும் ருடோல்ஃப் ஃபிர்ஷோவ் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் விளக்கியதும் சச்சரவு ஓய்ந்தது. பக்கவாதம் குழாய் நோய் ஆயிற்று. 1868இல் ஷார்கோவும் பூஷாரும், கசிவுக்குள்ளான மூளைகளில் நுண்தமனிகளில் சிறுசிறு புடைப்புகளைக் காட்டினார்கள். அழற்சி என்னும் சொல்லைப் பக்கவாத அத்தியாயத்திலிருந்து அடித்துவிட்டார்கள்.

வெளியேற்றப்பட்ட சொல்லுக்கு இருபதாம் நூற்றாண்டில் மற்றொரு பூட்டும் விழுந்தது. மூளைக்குள் வைத்த அந்நியத் திசு, உடலின் மற்ற இடங்களில் போல எளிதில் நிராகரிக்கப்படுவதில்லை என்று பீட்டர் மெடவார் 1948இல் காட்டினார். நோய்எதிர்ப்புப் படை நுழையாத சலுகை பெற்ற இடம் மூளை என்று பாடநூல்கள் எழுதின. மென்மையான பொருள் வீங்காது என்ற பழைய வாதம் புதிய உடையில் திரும்பி வந்துவிட்டதோ என்று தோன்றுகிறது.

ஆனால் நுண்ணோக்கி வேறொன்றைச் சொல்லிக்கொண்டிருந்தது. குழைந்த மூளைப்பகுதியில் கொழுப்புத் துகள் நிறைந்த உருண்டை அணுக்களைக் கண்ட குளூகே, அவற்றுக்கு 1840களின் தொடக்கத்திலேயே அழற்சி உருண்டைகள் என்று பெயரிட்டிருந்தார். அவை எங்கிருந்து வந்தன என்பது புலப்படவில்லை. மத்ரிதில் பீயோ தெல் ரியோ ஓர்தேகா வெள்ளிக் கார்பனேட்டைக்கொண்டு சாயமேற்றும் ஒரு முறையை வகுத்தார். அம்முறையில் 1919இல் மூளைக்குள் இதுவரை பிரித்தறியப்படாத சிறு அணுவகை ஒன்று துலக்கமாகத் தெரிந்தது. அமைதிக்காலத்தில் மெல்லிய கிளைகளை விரித்து நிற்கும்; காயம் பட்டால் கிளைகளை உள்ளிழுத்து உருண்டு, ஊர்ந்து சென்று, சிதைவுகளை விழுங்கும். அதற்கு மைக்ரோகிளியா என்று பெயரிட்டார். ஸ்பெயினின் மாபெரும் நரம்பியலறிஞர் கஹாலின் கருத்தைத் திருத்துவதாக அக்கண்டுபிடிப்பு அமைந்தது. மறு ஆண்டே ஓர்தேகா கஹாலின் ஆய்வுக்கூடத்திலிருந்து வெளியேற்றப்பட்டார். பின்னர் உள்நாட்டுப் போர் அவரை நாட்டைவிட்டே துரத்தியது. 1945இல் புவனஸ் அயர்ஸில் அகதியாக இறந்தார். மைக்ரோகிளியா நரம்பணுக்களின் உறவினர் அல்ல, கருவின் தொடக்கத்தில் மஞ்சட்கருப் பையில் தோன்றி மூளைக்குள் குடியேறிய காவலர்கள் என்பது 2010இல் எலிகளில் நடந்த ஆய்வில் உறுதிப்பட்டது.

இப்போது அந்த மூன்றாம் நாளுக்குத் திரும்புவோம். தமனி வெடித்தவுடன் மூளைக்குள் பாயும் இரத்தம் இழைகளைக் கிழித்து, அண்டைப்பகுதிகளை நசுக்குகிறது. மண்டையோடு மூடிய பெட்டி. அதனுள் ஒன்று கூடினால் மற்றொன்று குறைந்தே ஆகவேண்டும் என்பதை ஸ்காட்லாந்தின் மன்ரோவும் (1783) கெல்லியும் (1824) முன்பே கூறியிருந்தார்கள். இது முதல் அடி. கசிவு பெரும்பாலும் சில மணி நேரத்தில் நின்றுவிடும். கசிவை நிறுத்துவதற்காக உடல் உருவாக்கும் த்ராம்பின் என்னும் உறையவைக்கும் பொருளே, அளவு மிகும்போது சுற்றியுள்ள அணுக்களைத் தாக்குகிறது. குழாய்ச் சுவர்களின் இறுக்கத்தைத் தளர்த்தி நீர் கசியவிடுகிறது. மைக்ரோகிளியா சில மணி நேரத்திலேயே விழித்துக்கொண்டு, உதவி கேட்டு வேதிச் செய்திகளை அனுப்புகின்றன. அச்செய்தி கேட்டு முதலில் நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்களும், அவற்றின் பின்னால் விழுங்கணுக்களும் இரத்தத்திலிருந்து மூளைக்குள் புகுகின்றன.

அடுத்து வருவதுதான் கசிவுப் பக்கவாதத்தை அடைப்புப் பக்கவாதத்திலிருந்து பிரித்துக்காட்டும் கட்டம். தேங்கிய குருதியின் சிவப்பணுக்கள் நாட்கள் செல்லச் செல்ல உடைகின்றன. உள்ளிருந்த ஹீமோகுளோபின் வெளிவருகிறது. அதிலிருந்து ஹீம்; ஹீம் சிதைந்தால் இரும்பு. உயிர்வளியைச் சுமப்பதற்காக அணுவுக்குள் பூட்டிவைக்கப்பட்டிருந்த இரும்பு, கட்டவிழ்ந்து மூளைத்திசுவில் அலையும்போது நஞ்சாகிறது; அணுச்சவ்வுகளின் கொழுப்பை அரித்துத் தின்கிறது. அந்தச் சிதைவைக் கண்டு மைக்ரோகிளியா மேலும் சினம்கொள்ளும். கட்டியைச் சுற்றிய நீர்வீக்கம் முதல் இரண்டு நாட்களில் வேகமாகவும், பின்னர் மெதுவாகவும் பெருகி, ஒன்று அல்லது இரண்டு வாரங்களில் உச்சத்தைத் தொடும். வீட்டார் கேட்ட கேள்விக்கு விடை இதுதான். கசிவு நின்றது உண்மை. நின்ற குருதி அங்கேயே கிடந்து, தன்னைச் சுற்றியுள்ளவற்றை எரிக்கத் தொடங்கிவிட்டது.

அப்படியானால் அழற்சியை அடக்கும் மருந்தைக் கொடுத்தால் தீர்ந்ததே என்று தோன்றும். மருத்துவர்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. மூளைக்கட்டியைச் சூழ்ந்த வீக்கம் டெக்ஸாமெதசோன் என்னும் ஸ்டீராய்டால் வியக்கத்தக்க வகையில் வடிவதை 1961இல் அமெரிக்க அறுவை மருத்துவர்கள் கண்டிருந்தார்கள். அதே மருந்தைக் கசிவு நோயாளிகளுக்கும் பல நாடுகளில் வழக்கமாகக் கொடுத்துவந்தார்கள். இதை முறையாகச் சோதித்துப் பார்த்த பெருமை தாய்லாந்து மருத்துவர்களைச் சேரும். பூங்வரினும் அவரது குழுவினரும் 93 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மருந்தும் மறு பிரிவுக்குப் போலிமருந்தும் கொடுத்தார்கள். 21ஆம் நாள் கணக்குப் பார்த்தபோது இறப்பில் வேறுபாடில்லை. ஆனால் ஸ்டீராய்டு பெற்றவர்களிடம் நோய்த்தொற்று முதலிய சிக்கல்கள் வெகுவாகக் கூடியிருந்தன. ஆய்வை இடையிலேயே நிறுத்திவிட்டார்கள். 1987இல் அதன் முடிவு வெளியானது. தலைக்காயம்பட்ட 10,008 பேரிடம் நடந்து 2004இல் வெளியான மற்றொரு பேராய்வில் ஸ்டீராய்டு பெற்றவர்களிடையே இறப்பே கூடியிருந்தது. நல்லெண்ணத்தோடு எத்தனை ஆண்டுகள் எத்தனை பேருக்கு அதைக் கொடுத்திருப்பார்கள் என்று எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது.

ஏன் தோற்றது? விடை ஓர்தேகா கண்ட அந்தச் சிறு அணுவிலேயே இருக்கிறது. தீயை மூட்டுகிற மைக்ரோகிளியாவும் அதன் துணைக்கு வந்த விழுங்கணுக்களுமே, செத்த சிவப்பணுக்களை விழுங்கிக் குருதிக்கட்டியைக் கரைப்பதும். அவற்றை முழுமையாக முடக்கினால் எரிச்சல் குறையலாம்; ஆனால் இடிபாட்டை அள்ள ஆளிருக்காது. முதல் நாட்களில் தீங்கிழைப்பவர்களே பின்னர் மெல்லக் குணம் மாறிச் சீரமைக்கும் பணியில் இறங்குகிறார்கள். தீயவர், நல்லவர் என்று இரு அணியாக அவர்களைப் பிரித்துக் காட்டும் படங்கள் சில ஆண்டுகள் புழக்கத்தில் இருந்தன. மெய்நிலை அத்தனை எளிதல்ல என்பதை இப்போது ஆய்வாளர்கள் ஒப்புக்கொள்கிறார்கள். எந்த அணுவை, எந்த நாளில், எவ்வளவு அடக்குவது என்பதே இன்றைய சிக்கல்.

அதற்கான முயற்சிகள் நடந்தவண்ணம் உள்ளன. வெள்ளணுக்கள் இரத்தத்துக்குள் வராமல் நிணநீர்க் கணுக்களிலேயே தடுத்துவைக்கும் ஃபிங்கோலிமோட் என்னும் மருந்தைச் சீனாவில் 23 நோயாளிகளிடம் சோதித்து 2014இல் முடிவை வெளியிட்டார்கள்; வீக்கம் குறைந்தது, நோயாளிகள் சற்று நன்றாகத் தேறினார்கள். ஆனால் 23 பேர் என்பது ஒரு சிறு குடும்ப விருந்தின் எண்ணிக்கை; அதைக்கொண்டு உலகுக்கு மருந்தெழுத முடியாது. அலையும் இரும்பைப் பிடித்துக் கட்டும் டெஃபெராக்ஸமினை ஏறத்தாழ முந்நூறு பேரிடம் சோதித்து, 2019இல் வெளியிட்டார்கள். மருந்து பாதுகாப்பானதாக இருந்தது. மூன்று மாத முடிவில் எதிர்பார்த்த பயன் தெளிவாகக் கிட்டவில்லை.

கட்டியையே அள்ளி எடுத்துவிட்டால் என்ன? உயிரோடிருப்பவரின் மூளையில் இருப்பது கசிவா அடைப்பா என்று உறுதியாகப் பார்க்கும் வசதி, 1971 அக்டோபரில் லண்டனை அடுத்த விம்பிள்டனில் ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. கருவி முதல் நோயாளியைப் படமெடுத்த பிறகே கிடைத்தது. அதன் பின் அறுவையாளர்களுக்கு இந்த ஆசை எழுந்ததில் வியப்பில்லை. ஆனால் 1,033 நோயாளிகளிடம் நடந்து 2005இல் வெளியான ஆய்வில், தொடக்கத்திலேயே அறுவை செய்தவர்களுக்கும் காத்திருந்தவர்களுக்கும் வேறுபாடு காணப்படவில்லை. கட்டியை அடைய நல்ல மூளையைக் கடந்து போகவேண்டியிருப்பதும் அதற்கொரு காரணமாகக் கருதப்பட்டது. மெல்லிய குழாய் ஒன்றை மூளையிழைகளை விலக்கிச் செலுத்தி, 24 மணி நேரத்துக்குள் கட்டியை உறிஞ்சி எடுக்கும் முறையில் 300 பேரிடம் நடந்த ஆய்வு 2024இல் வெளியானபோதுதான் முதன்முறையாக நம்பிக்கை பிறந்தது. அதுவும் மூளையின் மேற்பரப்பை ஒட்டிய மடல்களில் கசிந்தவர்களுக்கே பலன் தந்தது. ஆழத்தில் கசிந்தவர்களுக்கு அந்தப் பலன் தெரியவில்லை.

இவற்றையெல்லாம்விட நம் நாடுகளுக்கு நெருக்கமான செய்தி 2023இல் வந்தது. பெரும்பாலும் நடுத்தர, குறைந்த வருவாய் நாடுகளில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடந்த ஆய்வு அது. புதிய மருந்து எதுவும் இல்லை. நோயாளி வந்து ஒரு மணி நேரத்துக்குள் உயர் இரத்த அழுத்தத்தைக் குறைக்க முயல்வது, சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது, காய்ச்சலைத் தணிப்பது, இரத்தம் உறையாமலிருக்க உட்கொண்டுவந்த மருந்தின் விளைவை முறிப்பது ஆகிய நான்கையும் விரைவாக, ஒருசேரச் செய்ததில் ஆறு மாத முடிவில் நோயாளிகள் மேம்பட்ட நிலையில் இருந்தார்கள். 2019ஆம் ஆண்டுக்கான உலகக் கணக்கின்படி புதிதாகப் பக்கவாதம் கண்டவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 28 பேருக்கு வந்தது மூளைக்குள் கசியும் இவ்வகை. அவர்கள் எண்ணிக்கை முப்பத்துநான்கு இலட்சம். இந்நோய் கண்டவர்களில் பத்துக்கு நால்வர் ஒரு மாதத்துக்குள் இறந்துவிடுகிறார்கள்.

சென்னை அரும்பாக்கத்தில் 1979இல் தொடங்கப்பட்ட அரசு யூனானி மருத்துவக் கல்லூரியின் மாணவர்கள் கற்கும் மருத்துவ மரபில், ஸக்தா, ஸிர்ஸாம், ஃபாலிஜ் என்னும் பெயர்கள் இன்றும் வழங்குகின்றன. மூளைப்பொருள் வீங்காது என்று அன்று வாதிட்டவர்களின் பெயரை இப்னு ஸீனா குறித்துவைக்கவில்லை. அவர்களுக்கு அவர் சொன்ன மறுமொழி மட்டும் மூன்றாம் பாகத்தின் தொடக்கப் பகுதியில், ஸிர்ஸாம் பேசப்படும் இடத்திலேயே இருக்கிறது.